கையைப் பார்க்க ஓர் ஆள்

மாட்டின் முதுகில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தால், உட்கார்ந்த இடத்துத் தோல் மட்டும் ஒரு துடிப்புத் துடித்து அதை விரட்டும். கால் அசையாது, தலை திரும்பாது, அசை போடுவதுகூட நிற்காது. ஈயின் எடையை உணர்கிற தோல் அது. அந்தத் தோலுக்கு நாம் சொல்வது உறைக்காது என்று என்றைக்கோ யாரோ முடிவு செய்து, மூங்கில் கழியின் நுனியில் ஓர் ஆணியை அடித்துக் கூராக நீட்டிவிட்டார்கள். தார்க்குச்சி அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

என் தாத்தாவின் தார்க்குச்சியில் ஆணி கிடையாது. ஆணி இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளி. மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி வண்டி பூட்டினால், விடியும்போது திண்டிவனம் மார்க்கெட் கமிட்டி வாசலில் வரிசையில் நிற்கலாம். தாத்தா பாதி வழி தூங்கிக்கொண்டுதான் போவார். வண்டி தானாகப் போகும். வலப்பக்கம் பூட்டும் வலத்தான் கொஞ்சம் சோம்பேறி. அவனுக்கு மட்டும் அவ்வப்போது குச்சியின் மொட்டை முனை தொடையில் படும். அவ்வளவுதான், மறுபடி குறட்டை.

“ஆணி எங்க தாத்தா போச்சு?”

“சித்தாமூர் போனப்ப புடுங்கிப் போட்டேன்டா.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வண்டிப் பந்தயத்தில் சாட்டையை எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த ஓட்டை ஞாபகத்துக்கு வந்தது. தாத்தா சொன்ன சித்தாமூருக்கு, அதாவது மேல்சித்தாமூருக்குப் பஸ் ஏறினேன்.

வதைக்கு ஓர் இலக்கணம்

திண்டிவனத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலின் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் சிவன் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு கோயிலான மலைநாதர் ஆலயத்தில், ஒரே பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகை என வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வேலை. ஆனால் நான் பார்க்கப் போனது சிற்பத்தை அல்ல, ஒரு பட்டியலை.

சமணர் என்றதும் மயிற்பீலியால் தரையைத் தடவிப் பூச்சியை விலக்கி நடக்கிற முனிவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். இந்தப் பக்கத்துச் சமணர்கள், அதாவது நயினார்கள், பெரும்பாலும் விவசாயிகள். ஏர் கட்டினார்கள், ஏற்றம் இறைத்தார்கள், வண்டி பூட்டினார்கள். உயிர்க்கொலை கூடாது என்ற மதத்தைச் சேர்ந்தவன் மண்ணைக் கிளறாமல் சோறு உண்ண முடியாது. மாட்டை ஓட்டாமல் மண்ணைக் கிளறவும் முடியாது. இந்தச் சிக்கலைச் சமண ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடவில்லை. முனிவருக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்று பிரித்தார்கள். வேண்டுமென்று செய்யும் இம்சை வேறு, தொழிலில் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சை வேறு என்றும் பிரித்தார்கள். பிறகு, மாடு வைத்திருக்கும் குடும்பஸ்தன் எங்கெங்கே வழுக்குவான் என்று யோசித்து, கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களை எழுதிவைத்தார்கள். கட்டிப்போடுவது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, தீனியும் தண்ணீரும் காட்டாமல் விடுவது.

உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் ஏழாம் அத்தியாயத்தில் வருகிற பட்டியல் இது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இதே ஐந்தைச் சொல்கிறது. அந்த நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததுதான் அருங்கலச்செப்பு. வடமொழிப் பட்டியலில் அடிப்பதற்கு இருக்கும் சொல் ‘வத’. பூஜ்யபாதர் என்ற உரைகாரர் அந்த இடத்தில் நிறுத்தி ஒரு விளக்கம் தருகிறார்: இங்கே இந்தச் சொல்லுக்குக் கொலை என்று பொருள் கொள்ளக் கூடாது, கொன்றால் விரதமே போய்விட்டது, அப்புறம் குற்றம் என்ன கணக்கு? தடியாலும் சாட்டையாலும் பிரம்பாலும் அடிப்பதுதான் இங்கே பொருள் என்கிறார். சுமார் 1,500 வருஷங்களுக்கு முன்னால் ஓர் உரையாசிரியர் சாட்டையைப் பெயர் சொல்லிக் குறித்துவைத்திருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் ‘வதை’ அந்த ‘வத’விலிருந்து வந்ததுதான். இன்றைக்குக் கோர்ட்டில் பேசப்படும் பிராணிகள் வதைத் தடைச் சட்டத்தின் தமிழ்ப் பெயரில் அதே சொல் உட்கார்ந்திருக்கிறது.

தாத்தா அருங்கலச்செப்பு படித்தவர் கிடையாது. நயினார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் ஆணிக் குச்சியோடு நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் ஊகம்தான்.

பட்டியலும் சட்டமும்

1960ஆம் ஆண்டு வதைத் தடைச் சட்டத்தின் பதினோராம் பிரிவை எடுத்து அந்தச் சமணப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது, அளவுக்கு மீறி ஏற்றுவது முதல் உட்பிரிவிலேயே வந்துவிடுகின்றன. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது, தீனியும் தண்ணீரும் தராதது, உறுப்பைச் சிதைப்பது ஆகியவை அடுத்தடுத்த உட்பிரிவுகளில். ஐந்துக்கு ஐந்து சரியாக இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு அடி எடுத்துக் கொடுத்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் கொண்டுவரும் என்ற நேருவின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

சட்டம் பிறந்த விதம் அழகு. தண்டனை அவ்வளவு அழகில்லை. முதல் முறை பிடிபட்டால் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். 1960இல் ஐம்பது ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு நல்ல சாட்டைகூட வாங்க முடியாது.

அதன் கீழ் 1965இல் வந்த வண்டிமாடு, பொதிமாடு விதிகள் கொஞ்சம் விவரமானவை. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் உச்சிவேளை 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டவே கூடாது. விழுப்புரம் மாவட்டத்தில் சித்திரை வைகாசியில் அந்த விதியைப் பிடித்துக்கொண்டால் மத்தியானத்தில் ஒரு வண்டி நகராது. அதே விதிகளில் முள் வைத்த குச்சிக்கும் தடை இருக்கிறது. காயமோ வீக்கமோ கடும் வலியோ உண்டாக்கும் கூரான எதையும் வைத்து மாட்டை ஓட்டக் கூடாது. ஆக, தார்க்குச்சி அறுபது வருஷமாகச் சட்ட விரோதமான பொருள். சந்தையில் கயிறு, மணி, சலங்கைக்குப் பக்கத்தில் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை.

விதியில் சாட்டைக்குத் தடை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கால்நடைகளை நடத்தியே கொண்டுபோவதற்கான 2001ஆம் ஆண்டு விதிகள் மட்டும், நடையை விரைவுபடுத்தச் சாட்டையோ குச்சியோ பயன்படுத்தக் கூடாது என்கின்றன. வண்டியில் பூட்டிய மாட்டுக்குச் சட்டம் அப்படி ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. அதற்குப் போவதற்கு முன் பந்தயத்தைப் பார்த்துவிடலாம்.

ரேக்ளா தொடங்கிவைத்த வழக்கு

எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலன்று வண்டி கட்டி ஊரைச் சுற்றுவதோடு சரி. பந்தயம் என்றால் தெற்கும் மேற்கும்தான். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, தூத்துக்குடி வட்டாரங்களில் தார்ச் சாலையில் ஓடுகிறார்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். பெரிய மாடு என்றால் போகவர எட்டு மைல் வரை ஓட வேண்டும். எல்லை திரும்பும் இடத்தில் முதலில் வருகிறவருக்குக் கொடிப் பரிசு. வண்டிக்கு இரண்டு பேர். கயிறு பிடிக்கும் சாரதி மேலே. இன்னொருவர் ஏறுவார், குதிப்பார், மாட்டோடு சேர்ந்து ஓடுவார். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் வேறு கணக்கு. 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகிய ஓட்டம், கடிகாரம்தான் எதிராளி. காங்கேயம் காளைக்குப் பேர்போன மண். மாட்டின் பல்லைப் பார்த்துப் பிரிவில் சேர்ப்பார்கள்.

இரண்டிலும் சாட்டை விழும் இடம் வேறு. முந்நூறு மீட்டரில் காளை தன் முழு மூச்சில் ஓடி முடித்துவிடும். சாட்டை பெரும்பாலும் புறப்படும்போதுதான் பேசும். எட்டு மைலில் கடைசி மைல் என்று ஒன்று இருக்கிறது. நாக்குத் தள்ளி, நுரை வழிந்து, நடை குலைந்த பிறகும் பக்கத்து வண்டி ஒரு முழம் முன்னால் போகிறது. கீழே ஓடி வருகிறவரின் கையில் கம்பு இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் ஊர் கத்துகிறது. இந்த இடத்தைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாடே அறிந்த வழக்கு ரேக்ளா, அதாவது மாட்டுவண்டிப் பந்தயம், பற்றிய ஒரு மனுவில்தான் தொடங்கியது என்பது பலருக்கு நினைவிருக்காது. தென்மாவட்டக்காரர் ஒருவர், ஊர் விழாவில் ரேக்ளா நடத்தப் போலீஸ் அனுமதி மறுக்கிறது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2006 மார்ச்சில் நீதிபதி ஆர்.பானுமதி அந்த மனுவை விசாரித்து, ரேக்ளா, எருதுப் பந்தயம், ஜல்லிக்கட்டு மூன்றையுமே தடை செய்தார். ஒரு வண்டிக்கு அனுமதி கேட்டுப் போனவர் எல்லா வாடிவாசலையும் மூடவைத்துவிட்டார். 2007இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்ற, விலங்குகள் நல வாரியம் உச்ச நீதிமன்றம் போனது. 2014 மே 7ஆம் தேதி வந்த தீர்ப்பு தமிழ்நாடு, மகாராஷ்டிரம் உட்பட நாடு முழுவதும் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் காளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அப்புறம் 2017 ஜனவரி, மெரினா போராட்டம், அவசரச் சட்டம், சட்டத் திருத்தம். 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றின் திருத்தங்களையும் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டுத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா என மூன்றும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வழக்கைத் தொடங்கிவைத்த ரேக்ளாவின் பெயர் அந்த வரையறையில் இல்லை. மகாராஷ்டிரம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கென்றே விதிகள் எழுதியது. ஓட்டம் ஆயிரம் மீட்டரைத் தாண்டக் கூடாது. கம்பு, சாட்டை, மின் அதிர்ச்சி எதுவும் கூடாது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அங்கே பந்தயத்தை அனுமதித்தது அந்த விதிகளை வைத்துத்தான்.

சாட்டை இல்லாமல் போனால் தண்டம்

இப்போது ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு நடத்தும் கோச்சுவண்டிப் போட்டியில், சாட்டை இல்லாமல் மைதானத்துக்குள் போனால் தண்டப் புள்ளி. கையிலிருந்து கீழே வைத்தாலும் தண்டம்.

இந்தப் போட்டிக்கு விதி எழுத முன்கை எடுத்தவர் பிரிட்டிஷ் அரசியின் கணவர் இளவரசர் பிலிப். 1964 முதல் 1986 வரை அந்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். 1971இல் போலோவை விட்டுவிட்டுத் தானே நான்கு குதிரை வண்டி ஓட்ட இறங்கினார். தொண்ணூறு வயதுக்கு மேலும் ஓட்டினார். போட்டியில் மூன்று கட்டம். முதலாவது, குதிரையின் நடை ஒழுங்கைப் பார்க்கும் டிரஸாஜ். அடுத்து, காடுமேடு, தண்ணீர், குறுகிய வளைவுகள் வழியாகப் போகும் மாரத்தான். கடைசியில் கூம்புகளுக்கு நடுவே சக்கரம் உரசாமல் வளைத்து ஓட்ட வேண்டும். கூம்பின் தலையில் பந்து இருக்கும், பந்து விழுந்தால் மூன்று தண்டம். டிரஸாஜிலும் கூம்பிலும் சாட்டை கையில் இருந்தே ஆக வேண்டும்.

ஏன்? குதிரை மேல் உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் இருக்கிறது. தொடையை அழுத்தினால், குதிகாலால் தொட்டால் குதிரைக்குப் புரியும். வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் குதிரைக்கும் நடுவே ஏர்க்காலின் நீளம் இருக்கிறது. அவனிடம் இருப்பது மூன்றுதான்: குரல், கயிறு, சாட்டை. கயிறு நிறுத்தும், திருப்பும், முன்னே தள்ளாது. குரல் நான்கு குதிரைக்கும் ஒரே மாதிரி கேட்கும். ‘நீ மட்டும் கொஞ்சம் தோள் கொடு’ என்று ஒரு குதிரையிடம் தனியாகச் சொல்ல வேண்டுமானால், நீண்ட வாரின் நுனி அதன் தோளுக்கும் முதுகுப் பட்டைக்கும் நடுவே போய்த் தொட வேண்டும். தட்டினாற்போல் ஒரு தொடல். என் தாத்தாவின் வலத்தானுக்கு மொட்டைக் குச்சி பட்டதே, அதே வேலை.

வண்டிக் குதிரைக்குக் கண் மறைப்புக் கட்டுவார்கள். சாட்டை மேலே எழுவதை அது பார்க்கக் கூடாது என்பதும் அதற்கொரு காரணம். பார்த்தால் தொடுவதற்கு முன்பே பயத்தில் பாயும். தொட்டால் கேட்கும் பழக்கம் போய்விடும். இங்கிலாந்தில் கைதேர்ந்த வண்டியோட்டியையே ‘விப்’ என்று, அதாவது சாட்டை என்று, அழைப்பார்கள். நம் சட்டசபைக் கொறடாவும் அந்தச் சொல்லின் தமிழ் அவதாரம்தான். கொறடா என்றாலும் சவுக்குதான். எந்த ஆளை எப்போது தொட வேண்டும் என்று தெரிந்தவர் நல்ல கொறடா. தெரியாதவர் கையில் கட்சி சண்டி மாடாகப் படுத்துக்கொள்ளும்.

அந்தப் போட்டி விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வண்டியில் கூட வரும் உதவியாளர் சாட்டையைத் தொடக் கூடாது, தொட்டால் தண்டம். கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சாட்டை இருக்கலாம். ஒரு கையால் இழுத்துப் பிடிப்பது என்ன என்று தெரிந்தவனுக்குத்தான் மறு கையால் எவ்வளவு தொடலாம் என்று தெரியும். நம் சாலைப் பந்தயத்தில் கயிறு மேலே ஒருவர் கையில், கம்பு கீழே ஓடி வருகிறவர் கையில். மாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு எஜமானர்கள். ஒருவர் ‘இப்படித் திரும்பு’ என்கிறார், இன்னொருவர் ‘ஓடு’ என்கிறார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லி நாம் கற்க வேண்டியதும் அல்ல. அகநானூற்றின் 104ஆம் பாட்டில், போர் முடிந்து திரும்பும் தலைவனின் தேரில் நான்கு குதிரைகள். வலவன் வாரை இழுத்துப் பிடித்து ஓட்டினால்தான் அவை அடங்கி வரும்; முள் பட்டால் அவற்றின் பாய்ச்சலுக்குக் கடல் சூழ்ந்த உலகமே போதாது என்கிறது பாட்டு. முள் என்பது தாற்றுக்கோலின் முனை. தார்க்குச்சிக்குப் பாட்டன். குதிரையைப் புகழ வந்த புலவர், முள் தேவைப்படாத குதிரை என்று புகழ்கிறார். வலவனின் திறமை வாரில் இருக்கிறது. ‘நல்ல மாட்டுக்கு ஒரு சூடு’ என்று பிற்காலத்தில் பழமொழி சொன்னவர்களைவிட அந்தப் புலவருக்கு மாட்டையும் குதிரையையும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைசி இருநூறு மீட்டர்

சாட்டை வேகத்தைக் கூட்டுமா? பந்தயக்காரரிடம் கேட்டால் இது ஒரு கேள்வியா என்பார். 2011இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து குதிரைப் பந்தயங்களைத் துண்டு துண்டாக அளந்து பார்த்தார்கள். குதிரைகள் அதிக வேகமாகப் போன பகுதியில் சாட்டை இல்லை. சாட்டை அதிகம் விழுந்தது கடைசி நானூறு மீட்டரில். அங்கே குதிரைகள் ஏற்கெனவே களைத்து வேகம் இறங்கிக்கொண்டிருந்தன. பிரிட்டனில் இளம் ஜாக்கிகளுக்குச் சாட்டையைப் பிடிக்கலாம், அடிக்கக் கூடாது என்று சில பந்தயங்கள் உண்டு. அவற்றையும் வழக்கமான பந்தயங்களையும் சேர்த்து 126 ஓட்டங்களை 2020இல் ஒப்பிட்டார்கள். ஓடிய நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஒன்றோடொன்று மோதுவதிலும் தடம் விலகுவதிலும்கூட வித்தியாசம் இல்லை. குதிரையின் மேல்தோலில் உள்ள நரம்பு முனைகள் மனிதத் தோலில் இருப்பதற்குக் குறைந்தவை அல்ல என்றும் அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு சொன்னது. குதிரைக்குச் சொன்னதெல்லாம் காளைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் களைத்த உடம்பு என்பது யாருக்கும் களைத்த உடம்புதான்.

பிரிட்டனின் பந்தய ஆணையம் 2023இல் கணக்கு வைத்துவிட்டது. சமதளப் பந்தயத்தில் ஆறு அடி, தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு. நான்கும் அதற்கு மேலும் கூடினால் ஜெயித்த குதிரையே தகுதி இழக்கும். இந்தக் கடைசி விதிதான் வேலை செய்யும் விதி என்று நினைக்கிறேன். ஜாக்கிக்கு அபராதம் போட்டால், பரிசுப் பணத்தில் கழித்துக்கொண்டு போய்விடுவார். பரிசே போகும் என்றால் மாட்டுக்காரரே சாரதியின் கையைப் பிடிப்பார்.

அப்படியானால் மகாராஷ்டிரம் மாதிரி ஒரேயடியாகச் சாட்டையைத் தடை செய்துவிட்டால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மனம் மாறியதற்கு வால் காரணம். 2014 வழக்கில் வாரியம் கொடுத்த அறிக்கைகளில், காளைகளின் வாலை முறுக்கியதும் கடித்ததும் பதிவாகியிருக்கின்றன. வாலுக்குள் முதுகெலும்பின் தொடர்ச்சி இருக்கிறது. முறுக்கினால் எலும்பு நழுவும், உடையும். கம்பைப் பிடுங்கிக்கொண்டால் கை வாலைத் தேடிப் போகும். சாட்டை அடி ஊருக்குத் தெரியும், போட்டோவில் விழும். வால் முறுக்கு தெரியாது. திறந்த சாலையில் ஓடும் வண்டியில், கூட்டத்துக்குள் மாடு பாயப் போகிற நொடியில் அதன் கழுத்தைத் திருப்ப ஒரு கருவி கையில் இருந்தாக வேண்டும் என்பதும் உண்மை. சாட்டை இருக்கட்டும். ஆணி வேண்டாம். இரண்டாவது ஆளின் கையில் எதுவும் வேண்டாம்.

மேல்சித்தாமூர்ப் பட்டியலுக்குத் திரும்புகிறேன். அதில் அடிப்பது தனியாக நிற்கவில்லை. ஒரு பக்கம் கட்டிப்போடுவது, இன்னொரு பக்கம் சுமை, தீனி. வருஷக்கணக்கில் மாட்டோடு பழகிய யாரோ எழுதிய பட்டியல் என்று இதனால்தான் சொல்கிறேன். கரும்பு வண்டியை நினைத்துப் பாருங்கள். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் வழியில் மேடு ஏறுகிறபோது மாடு மண்டி போடுகிறது, வண்டிக்காரன் அடிக்கிறான். பார்க்கிற நாம் அடியைத்தான் குற்றமாகப் பார்க்கிறோம். குற்றம் வயலிலேயே, கடைசி நாலு கட்டை மேலே தூக்கிப் போட்டபோதே நடந்துவிட்டது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தை நிறுவி நடத்திய என்.எஸ்.ராமசாமி, ‘கார்ட்மேன்’ என்றே பேர் வாங்குமளவுக்கு மாட்டுவண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசியது நுகத்தடியையும் சக்கரத்தையும் பற்றித்தான். நுகம் கழுத்தைப் புண்ணாக்காமல், சக்கரம் லேசாக உருண்டால், பாதி அடி தானாகக் குறையும்.

பந்தயத்தில் அந்தச் சுமை எது? மேலே இருப்பது வெறும் சட்டம், இரண்டு சக்கரம், ஒரு சாரதி. எடை இல்லை. எட்டு மைல்தான் சுமை. பந்தயப் பணம் சுமை. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் கூட்டம் சுமை. தூரத்தைக் குறைத்தால் கடைசி மைல் என்ற இடமே இருக்காது. கொங்கு நாட்டு முந்நூறு மீட்டர் இந்த விஷயத்தில் தெற்கத்திச் சாலை ஓட்டத்தைவிட மேல் என்று எனக்குப் படுகிறது. சிவகங்கைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தூரம் ஓடுவதுதான் மாட்டின் தரம், முந்நூறு மீட்டரை எதுவும் ஓடும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தூரம் ஓடப் பழகிய மாடு, ஓடப் பழக்கியவனிடம் அடி வாங்குவதில்லை. காசுக்காகக் கடைசி வாரத்தில் ஓட்டிப் பழக்கிய மாடுதான் வாங்குகிறது.

சரி, ஓட்டம் எட்டு மைலாகவே இருக்கட்டும். பந்தயத்தில் இப்போது எல்லைக் கோட்டில் கொடியோடு ஒருவர் நிற்கிறார். எந்த மாட்டின் மூக்கு முதலில் கோட்டைத் தாண்டுகிறது என்று அவர் பார்க்கிறார். அதற்குத் தகராறு வந்தால் செல்போன் வீடியோவும் பார்க்கிறார்கள். கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் இன்னொருவரை நிறுத்த வேண்டும். அவர் மாட்டைப் பார்க்க வேண்டாம். கைகளை மட்டும் பார்க்கட்டும். அந்த இருநூறு மீட்டரில் சாட்டை உயர்ந்தால், கீழே ஓடுகிறவரின் கை வாலுக்குப் போனால், அந்த வண்டியின் நம்பரை அவர் நோட்டில் எழுதட்டும். நோட்டில் நம்பர் இருக்கும் வண்டிக்குப் பரிசு கிடையாது. கையைப் பார்க்கும் அந்த ஆள் அந்த ஊர்க்காரராக இருக்கக் கூடாது, மாடு வைத்திருக்கக் கூடாது. உட்கார ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு குடை, கையில் பேனா. விழா கமிட்டிக்கு இதற்கு ஆகும் செலவு மைக் செட்டுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.